பழம் சேர்த்து உறைய வைத்த வைன் ஏன் இறுகுவதில்லை, ஏன் பிரிந்து நீர்த்துப் போகிறது?

ரோஸே எனப்படும் இளஞ்சிவப்பு வைன் ஒரு புட்டியை ஸ்ட்ராபெர்ரியோடு அரைத்து ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்தும் அது கல்லாக இறுகவில்லை, ஃப்ரீசர் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுமை இழந்து ஐஸ் கட்டிகளைக் கொட்டி அரைத்தபோது, ஐந்தே நிமிடத்தில் மேலே வெளிறிய பனியும் அடியில் இளஞ்சிவப்பு நீருமாகப் பிரிந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஜூலையில் நியூ ஜெர்சியில் உங்கள் வீட்டுப் பின்புறம் விருந்து. ஸ்ட்ராபெர்ரிக்குப் பதிலாக மாம்பழம் போடலாமா என்பது கடைசிக் கேள்வி. இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் தேடுவது செய்முறை மட்டுமாகத் தெரியவில்லை. வெயிலில் கோப்பையில் ஊற்றிய பிறகு கால் மணி நேரமாவது குழைவாக நிற்கும் பனியை எது உண்டாக்குகிறது, எது கெடுக்கிறது என்பதே உங்கள் கேள்வி. நான் உணவுத் தொழில்நுட்பம் படித்து, ஐஸ்கிரீம், சோர்பே (பால் சேராத பழப்பனி) வகைகளை உருவாக்கும் பணியில் தொடங்கி, பின்னர் பல ஆண்டுகளாக விடுதி பார்களுக்குக் குளிர்பானக் கலவைகளை வகுத்துத் தருபவன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஃப்ரீசரைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். அது சரியாகத்தான் வேலை செய்கிறது. தூய நீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். 12 சதவீத ஆல்கஹால் உள்ள வைன் ஏறத்தாழ மைனஸ் 5 டிகிரியில்தான் உறையத் தொடங்கும். தொடங்கும் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் வைன் ஒரே வெப்பநிலையில் முழுவதும் உறைந்துவிடும் பொருளன்று. அதிலுள்ள நீர் மட்டும் தூய பனிப்படிகங்களாகப் பிரிந்து செல்கிறது. ஆல்கஹாலும் சர்க்கரையும் அமிலமும் மிஞ்சிய திரவத்தில் நெருங்குகின்றன. நெருங்க நெருங்க அந்தத் திரவத்தின் உறைநிலை மேலும் கீழே இறங்குகிறது. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் சாதாரண வைனின் எடையில் தோராயமாக மூன்றில் இரண்டு பங்கு பனியாகும்; மீதி எத்தனை நாள் வைத்தாலும் திரவமாகவே படிகங்களுக்கிடையே தங்கியிருக்கும். ஆகவே இரண்டு நாள் கழித்தும் கரண்டியால் கிளறக்கூடிய நிலையில் இருந்தது உங்கள் நல்ல காலம். அது கல்லாகியிருந்தால்தான் புட்டிக்குள் இருந்தது வைன்தானா என்று ஐயப்பட வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் சர்க்கரையின் வேலையைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாக விளங்கும். சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதாகப் பலரும் நினைத்து, தமக்கு இனிப்பு பிடிக்காது என்று குறைத்துவிடுகிறார்கள். சர்க்கரை உறைநிலையைச் சற்றுத் தாழ்த்துகிறது. அதைவிட முக்கியமாக, படிகங்களுக்கிடையே நிற்கும் திரவத்தைக் கெட்டியாக்குகிறது. கெட்டியான திரவம் எளிதில் வடிந்து இறங்காது. மெலிந்த திரவம் உடனே இறங்கிவிடும். சிறுவயதில் குச்சி ஐஸை உறிஞ்சியபோது நிறமும் இனிப்பும் முதலில் வாய்க்கு வந்து, கையில் வெறும் வெள்ளைப் பனி மிஞ்சியது நினைவிருக்கும். உங்கள் கோப்பையில் நடந்ததும் அதுவே. ரோஸே வைன் பெரும்பாலும் இனிப்பற்றது, ஸ்ட்ராபெர்ரியில் சர்க்கரை 5 சதவீதம் அளவில்தான் இருக்கும், அதன் மேல் நீங்கள் ஐஸ் கட்டியையும் சேர்த்தீர்கள். ஐஸ் கட்டி குளிரைக் கொண்டுவருகிறது என்றாலும் உருகும்போது நீரையும் கொண்டுவருகிறது, சர்க்கரையையும் ஆல்கஹாலையும் நீர்க்கச் செய்கிறது. வைனையே பனியாக்கி வைத்திருக்கும்போது அதற்கு மேல் ஐஸ் தேவையில்லை என்பதே என் திடமான கருத்து. பல செய்முறைகள் ஒரு கோப்பை நொறுக்கிய ஐஸ் சேர்க்கச் சொல்கின்றன. அவசரத்துக்கு அது உதவும், ஆனால் அந்தப் பானத்தை உடனே குடித்துவிட வேண்டும்.

சர்க்கரையின் இந்தப் பங்கு பார் தொழிலில் வெகுநாளாகவே தெரிந்த ஒன்று. டல்லாஸில் உணவகம் நடத்திய மரியானோ மார்டினெஸ், ஒவ்வொரு கோப்பையாக அரைத்துத் தந்த மார்கரீட்டா என்ற டெக்கீலா கலவைப் பானம் ஒன்றுபோல் ஒன்று வரவில்லை என்ற சிக்கலுக்குத் தீர்வாக, 1971ஆம் ஆண்டு ஒரு சாஃப்ட் சர்வ் ஐஸ்கிரீம் இயந்திரத்தை மாற்றியமைத்து உறைந்த மார்கரீட்டாவை அதிலிருந்து வழங்கத் தொடங்கினார். அந்த இயந்திரம் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மது உறையாது என்று எல்லோரும் எண்ணியிருந்த காலத்தில், சர்க்கரையும் நீரும் மதுவும் சரியான விகிதத்தில் சேர்ந்தால் குழைந்த பனி ஓயாமல் வரும் என்பதை அது காட்டியது. ரோஸே வைனை அதே வகை இயந்திரத்தில் ஓட்டி ஃப்ரோஸே என்ற பெயரில் 2016 கோடையில் பரவச் செய்த பெருமை நியூயார்க்கின் பார் பிரீமி உணவகத்துக்குத் தரப்படுகிறது. வைனைப் பனியாக்கிப் பார்த்தவர் அதற்கு முன் எவருமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அந்தக் கோடையில்தான் அது ஊரெல்லாம் பேசும் பானமாயிற்று.

இயந்திரத்தில் ஓடும் கலவைகளுக்குப் பொதுவாக 13 முதல் 15 பிரிக்ஸ், அதாவது எடையில் அந்தச் சதவீதச் சர்க்கரை, வைப்பது வழக்கம். வீட்டு பிளெண்டருக்கு 11 சதவீதம் போதும் என்பது என் அனுபவம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: பிரிக்ஸ் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வைன் கலந்த பிறகு வைத்துப் பார்த்தால் ஆல்கஹாலும் அளவைக் கூட்டிக் காட்டும், திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் மிதவைமானியோ ஆல்கஹால் இலேசானது என்பதால் குறைத்துக் காட்டும். எனவே கருவியை நம்பாமல் சமையலறைத் தராசில் எடை போட்டுக் கணக்கிடுவதே வீட்டுக்கு உகந்த வழி. அந்தக் கணக்கும் தோராயமே, ஏனெனில் அமெரிக்காவில் 14 சதவீதம் வரையுள்ள வைன்களின் லேபிளில் அச்சிட்ட ஆல்கஹால் அளவு 1.5 சதவீதம் வரை முன்பின்னாக இருக்கச் சட்டமே இடம் தருகிறது. தசமப் புள்ளிகளுக்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

செய்முறை இதுதான். 225 கிராம் ஸ்ட்ராபெர்ரியைக் காம்பு நீக்கி நறுக்கி, 110 கிராம் சர்க்கரையைப் பிசறி ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். அடுப்பில் ஏற்ற வேண்டாம். சர்க்கரை தானே பழத்தின் சாற்றை இழுத்து ஒரு பாகை உண்டாக்கும், வேகாத பழத்தின் மணமும் கெடாது. கடையில் உறைய வைத்து விற்கும் பழம் இதற்குத் தாழ்ந்ததன்று, சில சமயம் மேலானது. பனிப்படிகங்கள் முன்பே பழத்தின் உயிரணுக்களைக் கிழித்திருப்பதால் சாறு விரைவாக இறங்கும். பிறகு அதோடு 60 மில்லி எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து நன்றாக அரைத்து, 750 மில்லி வைனை ஊற்றிக் கையால் கலந்து, அகலமான தாழ்ந்த தட்டில், கூடுமானால் உலோகத் தட்டில், ஊற்றி ஓரிரவு ஃப்ரீசரில் வையுங்கள். தட்டு தாழ்வாக இருந்தால் உறைதல் விரைவாகும், விரைவாக உறைந்தால் படிகங்கள் சிறிதாகும், படிகம் சிறிதானால் நாக்கில் மணல்போல் உரசாது. பழச்சக்கையை வடிகட்டிவிட வேண்டாம். அதிலுள்ள பெக்டின் என்ற கூழ்மப் பொருளும் நாரும் திரவத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. பரிமாறும் நேரத்தில், முன்னதாகவே ஃப்ரீசரில் குளிரவைத்த பிளெண்டர் ஜாரில் போட்டு, நிறுத்தி நிறுத்தி மொத்தம் அரை நிமிடம் அரையுங்கள். அரைக்கும்போது உராய்வின் சூடும் ஜாரின் சூடும் சேர்ந்து உங்கள் பனியில் ஒரு பகுதியை உருக்கிவிடும்; பலர் வீட்டில் தோற்பது இந்தக் கடைசி நிமிடத்தில்தான். கண்ணாடிக் கோப்பைகளையும் குளிரவைத்துக்கொள்ளுங்கள். தட்டிலிருந்து எடுக்கும்போது ஓரத்தில் தேங்கிய திரவத்தைத் தனியே ஒருவருக்கு ஊற்றிவிடாதீர்கள். ஆல்கஹால் செறிந்திருப்பது அதில்தான்.

இந்த அளவில் கலவையின் ஆல்கஹால் 8.5 சதவீதத்தை ஒட்டியும் சர்க்கரை 11 சதவீதத்தை ஒட்டியும் நிற்கும். சர்க்கரைக்குப் பதில் தேனோ அகாவே பாகோ சேர்த்தால் பனி மேலும் மென்மையாகும். அவற்றிலுள்ள குளுக்கோஸும் பிரக்டோஸும் அதே எடைச் சர்க்கரையைவிட ஏறத்தாழ இருமடங்கு உறைநிலையைத் தாழ்த்துகின்றன. வோட்கா சேர்த்தால் இன்னும் சிறக்கும் என்று யாரேனும் சொல்வார்கள். 40 சதவீத ஆல்கஹால் உள்ள மது மைனஸ் 27 டிகிரி அளவில்தான் உறையும் என்பதால் அது உங்கள் பனியை இளக்கும் பொருள். ஒரு புட்டி வைனுக்கு 30 மில்லிக்கு மேல் போனால் சாறுதான் குடிப்பீர்கள்.

இதுவரை சொன்னவற்றில் வெப்பநிலையும் விகிதமும் இயற்பியல், அவற்றில் எனக்கு ஐயமில்லை. எந்த வைன், எந்தப் பழம் என்பதில் பாதி அறிவியல், பாதி என் நாக்கின் விருப்பம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் இனிப்பும் மணமும் மங்குகின்றன, கசப்பும் துவர்ப்பும் முன்வந்து நிற்கின்றன. அறை வெப்பத்தில் சற்றுத் திகட்டும் கலவை உறைந்த பிறகு சரியாகத் தோன்றுவதும் இதனால்தான்; ஆகவே உறைய வைக்கும் முன் சுவை பார்த்து இனிப்பைக் குறைக்காதீர்கள். மணத்தில் நுட்பமான, விலை உயர்ந்த வைனை இதில் போடுவது வீண். பிரான்ஸின் புராவான்ஸ் பகுதியின் வெங்காயச் சருகு நிற ரோஸே குடிக்க அருமையானது, ஆனால் உறைந்தால் பனிப்படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அது சாம்பல் பூத்த வெள்ளையாகிவிடும். ஸ்பெயினின் நவாரா பகுதியில் கர்னாச்சா திராட்சையிலிருந்து வரும் ரோஸாடோ, பிரான்ஸின் தவேல், அல்லது பினோ நுவார், மெர்லோ திராட்சைகளின் அடர்நிற ரோஸே போன்றவை நிறத்தையும் சுவையையும் விட்டுக்கொடுக்காமல் நிற்கும். ஓக் பீப்பாயில் ஊறிய ஷார்டனே வெள்ளை வைன் உறைந்தால் மரக்கசப்பு மட்டும் மிஞ்சுகிறது என்பதால் அதை நான் தொடுவதில்லை. சிவப்பு வைன்தான் வேண்டும் என்றால் துவர்ப்புக் குறைந்த, இளமையான பொஜொலே போன்ற ஒன்றை எடுத்து, பழம் சேர்த்த வைனான ஸ்பானியர்களின் சங்ரியா வழியில் ஆரஞ்சு சேர்க்கலாம். ஆனால் ஆரஞ்சை வெள்ளைத் தோலோடு அரைக்கக் கூடாது. நேவல் வகை ஆரஞ்சின் சாறு பிழிந்து வைத்த பிறகும் மெல்ல மெல்லக் கசப்பேறும் இயல்புடையது, எனவே அன்றே பிழிந்து அன்றே உறைய வையுங்கள்.

பழங்களில் உங்கள் ஊருக்கு ஜூலையில் உகந்தது பீச். நியூ ஜெர்சி பீச் ஜூலை, ஆகஸ்டில் நன்றாகக் கிடைக்கும், பெக்டின் உண்டு, வைனோடு சண்டையிடாத பழம். வெட்டியதும் கறுக்கும் என்பதால் எலுமிச்சைச் சாற்றை முதலிலேயே பிசற வேண்டும். தர்பூசணி கவர்ச்சியாகத் தோன்றினாலும் அதில் 90 சதவீதத்துக்கு மேல் நீர். அதை ஐஸ் கட்டிக்குப் பதிலாகச் சதுரமாக வெட்டி உறைய வைத்து அரைக்கலாம், ஆனால் சர்க்கரையை 130 கிராம் வரை உயர்த்த வேண்டும். ராஸ்பெர்ரியை மட்டும் விதைக்காக வடிகட்டலாம். கிவியின் விதை அரைபட்டால் கசக்கும். கோப்பையில் மிதக்கவிட உறைந்த திராட்சையைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியாது. குளிர்விக்கும், நீர்க்கச் செய்யாது.

மாம்பழத்துக்கு வருகிறேன். தாராளமாகப் போடலாம், ஆனால் ரோஸேயோடு வேண்டாம். மாம்பழத்தின் மணம் வலியது, ரோஸேயை விழுங்கிவிடும், நிறமும் கலங்கிய காவியாகும். நியூசிலாந்தின் மார்ல்பரோ சொவினியோன் பிளான்க்கில் இயல்பாகவே பேஷன் பழத்தை நினைவூட்டும் மணம் உண்டு. அல்லது சற்றே இனிப்புள்ள ரீஸ்லிங் எடுங்கள். இவ்விரண்டும் மாம்பழத்துக்கு ஈடுகொடுக்கும். அமெரிக்கக் கடைகளில் ஹனி மாம்பழம் என்று விற்கப்படும் மெக்சிகோவின் அதாவுல்ஃபோ நாரற்றது, அரைக்க ஏற்றது. ஜூலையில் அதன் பருவம் முடியும் தறுவாயில் இருக்கும், முன்னதாகவே வாங்கி நறுக்கி உறைய வைத்துக்கொள்ளலாம். இந்தியக் கடைகளில் கிடைக்கும் டின் மாம்பழக் கூழும் பழுதில்லை. கிருஷ்ணகிரி வட்டாரத்திலிருந்து ஏற்றுமதியாகும் தோத்தாபுரி கூழ் மணத்தில் அல்போன்சாவுக்கு ஒரு படி கீழே என்றாலும், அதன் இலேசான புளிப்பு வைனுக்குப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். டின் கூழில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். லேபிளில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்து, நீங்கள் போடும் கூழின் எடைக்குக் கணக்கிட்டு, அந்த அளவை உங்கள் 110 கிராமிலிருந்து கழித்துவிடுங்கள். ஒரு புட்டிக்கு 200 கிராம் கூழ் போதும். அதற்கு மேல் போனால் வைனின் அடையாளமே தெரியாது. அப்புறம் எதற்கு வைன்? மாம்பழம் அமிலம் குறைந்தது, எனவே எலுமிச்சைச் சாற்றை 75 மில்லி ஆக்குங்கள்.

ப்ரொசெக்கோ போன்ற நுரைக்கும் வைனை உறைய வைப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விருந்தில் யாரேனும் ஒரு புட்டி கொண்டுவருவார்கள். அதை உறைய வைத்தால் வாயு ஓடிவிடும், மூடிய பிளெண்டரில் அரைத்தால் மூடி தெறிக்கும், புட்டியோடு ஃப்ரீசரில் மறந்துவிட்டால் நீர் பனியாகும்போது சுமார் 9 சதவீதம் விரிவதால் கண்ணாடி வெடிக்கவும் கூடும். வெனிஸ் நகரத்தார் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள்: பனியாவது பழம், வைன் இல்லை. அங்கு உணவுக்குப் பின் தரும் ஸ்க்ரோப்பினோ என்பது எலுமிச்சை சோர்பேயை ப்ரொசெக்கோவோடு, பெரும்பாலும் சிறிது வோட்காவும் சேர்த்து, கடைந்து ஊற்றுவது. அதே ஊரின் ஹாரிஸ் பாரில் ஜுசெப்பே சிப்ரியானி உருவாக்கி, ஓவியர் ஜொவான்னி பெல்லீனியின் பெயரைச் சூட்டிய பெல்லீனி, வெள்ளை பீச் கூழும் ப்ரொசெக்கோவும் சேர்ந்தது. அந்தப் பீச் கூழைச் சற்றுச் சர்க்கரையோடு உறைய வைத்து, இரண்டு கரண்டி கோப்பையில் இட்டு, மேலே குளிர்ந்த ப்ரொசெக்கோவை மெல்ல ஊற்றினால் கோடைக்கு அதைவிட எளிதான பானம் இல்லை. எனக்கு விருந்து வைக்க நேர்ந்தால் நான் இதைத்தான் செய்வேன், பிளெண்டர் இரைச்சலும் மிச்சம்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் குளிர் ஆல்கஹாலின் காரத்தை மறைக்கிறது, சர்க்கரை மீதியை மறைக்கிறது, வெயிலில் தாகத்துக்குக் குடிப்பதுபோல் குடித்துவிடுவார்கள். உறைய வைப்பதால் ஆல்கஹால் ஒரு துளியும் குறைவதில்லை. 12.5 சதவீத வைன் ஒரு புட்டியில் 74 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. அமெரிக்கக் கணக்கில் ஒரு நிலையளவுப் பானம் 14 கிராம் என்பதால், அது ஐந்து பானங்களுக்குச் சற்று மேல். மேலே சொன்ன கலவையை ஆறு கோப்பையாகப் பகிர்ந்தால் ஒருவருக்கு ஒரு பானத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். நான்கு கோப்பையாக ஊற்றினால் கணக்கு வேறு, வண்டி ஓட்டிச் செல்பவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும். குழந்தைகள் வரும் வீடு என்றால் இன்னொன்றும் உண்டு: இது அவர்கள் கடையில் வாங்கும் வண்ணப் பனிபோலவே தோன்றும். வெள்ளைத் திராட்சைச் சாற்றில் தனியாக ஒரு தட்டு செய்து, வேறு நிறக் கோப்பையில், வேறு மேசையில் வையுங்கள். திராட்சைச் சாற்றில் சர்க்கரை 15 சதவீதம் அளவில் ஏற்கெனவே இருப்பதால் அதற்குக் கூடுதல் சர்க்கரை தேவையில்லை. ஆல்கஹால் இல்லாததால் அது கெட்டியாக இறுகும், அரைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

மிஞ்சியதை மூடியுள்ள தட்டையான டப்பாவில் மறுபடி ஃப்ரீசரில் வைத்து மறுநாள் அரைத்துக்கொள்ளலாம். இரண்டாம் முறை படிகங்கள் சற்றுப் பெரிதாகும், பீச் கலவை கொஞ்சம் பழுப்பேறும், சுவையில் பெரிய குறை இராது. ஒரு வாரத்துக்கு மேல் போனால் பழத்தின் மணம் மங்கி ஃப்ரீசரின் மணம் ஏறிவிடுகிறது. விருந்துக்கு முந்தைய நாள் மாலை தட்டில் ஊற்றி வைப்பதே போதுமான முன்னேற்பாடு.